தாரணியால் முடியாது என்று சொன்ன நாள்

1

போன வாரம் எங்கள் பள்ளியில் ஒரு கூட்டம் நடந்தது. நான் பேசவேண்டிய முறை வந்தபோது எனக்கு வாயே திறக்கவில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் நான், என் மனைவியைக் கேட்டால் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்வாள். ஆனாலும் அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஏன் என்று இங்கே யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊரில் இருக்கிறவர்களுக்குப் புரியும் என்று எழுதுகிறேன்.

நான் இருப்பது கனடாவில், சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். நீலகிரி மலையில் நடுவட்டத்தில் பிறந்து, கடைக்குப் போனாலும் இறக்கம், திரும்பினால் ஏற்றம் என்று நடந்து பழகியவனுக்கு இந்த ஊர் ஒரு தண்டனை. ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம் ஒன்றுதான் இங்கே மேடு. என் மனைவி சாந்தி நர்ஸ். முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து அவள் வந்தாள். எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்த நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இங்கே ஒரு சின்னப் படிப்பு படிக்கவைத்து, அரசுப் பள்ளியில் கல்வி உதவியாளர் என்று போட்டார்கள். பெயர்தான் பெரிது. தனியாகச் சமாளிக்க முடியாத ஒரு குழந்தையின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் வேலை. என் பங்குக்கு வந்தவன் ஈத்தன், ஒன்பது வயது.

வசந்தகாலம் வந்தால் அடுத்த வருஷத்துக்கான பணத்தைப் பிரிப்பார்கள். எந்தக் குழந்தைக்கு எத்தனை மணி நேரம் துணை என்பது ஒரு கூட்டத்தில் முடிவாகும். எங்கும் எழுதிவைக்காத விதி ஒன்று அந்தக் கூட்டத்துக்கு உண்டு. குழந்தையின் ஆக மோசமான நாளைத்தான் சொல்லவேண்டும். கடித்த நாள், ஓடிப்போன நாள், தலையைச் சுவரில் மோதிக்கொண்ட நாள். நல்ல நாளைச் சொன்னால் துணை குறைந்துவிடும். கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் துணி நீளமாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

ஈத்தன் போன மாதம்தான் தானாகக் கை கழுவப் பழகினான். அதைச் சொல்லக்கூடாது. தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, ஈத்தனால் என்னென்ன முடியாது என்று சொல்லுங்கள் என்றார். பக்கத்தில் இருந்த வகுப்பாசிரியை லிண்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்குப் பதிலாகப் பேசி முடித்தாள். வெளியே வந்ததும் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். குளிர் என்றேன். இந்த ஊரில் எதற்கும் குளிர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

2

நடுவட்டத்திலேயே இருக்கிற என் தங்கை பரிமளாவுக்கு ஒரே பெண், தாரணி. பதினொன்று முடியப்போகிறது. நான் தாய்மாமன். அவள் பிறந்தபோது மூச்சுத் திணறி, ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நேரமாகிவிட்டது. கால்களில் வலு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். வலது கை மடங்கியே இருக்கும். பேச்சு வரவில்லை. ஆனால் காது கூர்மை, புத்தி அதைவிடக் கூர்மை. அவளை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு ரகசியம் பேச முடியாது. அலமாரியில் தின்ன வர்க்கி இருக்கிறது என்று நான் பரிமளாவிடம் கிசுகிசுத்தால் இவள் அலமாரியைப் பார்த்துச் சிரிப்பாள்.

பள்ளிக்கூடம் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு மேலே, படியேறிப் போகவேண்டிய இடத்தில் இருக்கிறது. எல்லா வகுப்புக்கும் சேர்த்து ரெண்டே டீச்சர். முதல் வருஷம் பரிமளா அவளைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தாள். கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் ஈரப் பாவாடையோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது குழந்தை. டீச்சர்களைக் குறை சொல்லமுடியாது. ஒருத்தர் தாரணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? கொஞ்ச நாளில் பரிமளா அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

இப்படி வீட்டோடு இருக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் சிறப்பாசிரியர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார். தாரணிக்கு வந்தவர் ஜெனிட்டா டீச்சர். முப்பது வயது இருக்கும். ஊட்டி பெர்ன்ஹில்லிலிருந்து கூடலூர் பஸ் பிடித்துப் புதன்கிழமைதோறும் வருவார். தொகுப்பூதியம், அதாவது நிரந்தரம் கிடையாது, ஒவ்வொரு வருஷமும் நீட்டித்தால்தான் உண்டு. அவரோடு வேலை பார்த்த ரெண்டு பேர் விட்டுப்போய், அந்த இடங்களில் யாரையும் போடவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் இவர் தலையில்தான்.

தாரணிக்கு ஸ்வெட்டர் பட்டன் போடச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கேட்டால் இதென்ன பெரிய வித்தை என்று தோன்றும். ஒரு கை மடங்கியிருக்கும்போது ஒரு பட்டனைத் துளைக்குள் தள்ளிப் பாருங்கள். முதலில் பழைய கோட்டுப் பட்டனை ஒரு துணிப்பையில் தைத்துக் கொடுத்தார். பிறகு கொஞ்சம் சின்னது, அதற்குப் பிறகு இன்னும் சின்னது. ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்து அடுத்த மழைக்காலத்தில்தான் முதல் பட்டன் உள்ளே போனது. மடங்கிய கையால் துணியை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலால் தள்ளுவாள். பட்டன் போகும்போது நாக்கு வெளியே வரும்.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் காட்சி நடக்காமல் விடமாட்டாள். சிலிண்டர் கொண்டுவருகிறவர் வந்தாலும் சரி, சீட்டுக்காரம்மா வந்தாலும் சரி, அந்தச் சிவப்பு ஸ்வெட்டரின் எல்லாப் பட்டனையும் கழற்றி, மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டு, வந்தவர் முகத்தைப் பார்ப்பாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. போன ஜூலையில் விடுமுறைக்குப் போனபோது நானும் பார்த்தேன். கை தட்டினேன். இன்னொரு தடவை போட்டாள்.

3

நான் போயிருந்த அந்த வாரத்தில் ஜெனிட்டா டீச்சர் வழக்கம்போலப் புதன்கிழமை வந்தார். பாடம் முடிந்து தாரணியைப் பக்கத்து வீட்டில் டிவி பார்க்க உட்காரவைத்துவிட்டு வந்தோம். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு டீச்சர் சொன்னார்.

"பரிமளாக்கா, வெள்ளிக்கெழம ஆபீஸ்லருந்து டீம் வர்றாங்க. தாரணியப் பாத்து எழுதிட்டுப் போவாங்க. ஒண்ணு சொல்றன், தப்பா நெனச்சுக்காதீங்க. அவளா சாப்புடுவாளான்னு கேட்டா இல்லைன்னு சொல்லுங்க. அவளா துணி போடுவாளான்னு கேட்டாலும் இல்லைன்னே சொல்லுங்க."

"ஏனுங் டீச்சர், நீங்கதான கத்துக்குடுத்தீங்க?"

"அதனாலதாங்க்கா சொல்றன். முடியும்னு எழுதிட்டா ஸ்கூலுக்குப் போற புள்ளைன்னு ஆயிருமுங்க. அப்பறம் என்னைய இந்த ஊட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ஸ்கூல்ல அவளப் பாத்துக்க யாரு இருக்காங்க? உங்களுக்கே தெரியும்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை தன் குஞ்சைக் கரி என்று சொல்லவேண்டும்.

"பெத்தவ வாயால எப்படிங்க சொல்றது? சொன்னா பலிச்சிரும்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்றாள் பரிமளா. பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணா. நீங்க அங்க இந்த வேலதான பாக்கறீங்க."

"அங்கயும் இப்படித்தாம்மா" என்றேன். "நல்லா இருக்குதுன்னு சொன்னா ஆளக் கொறச்சுப்போடுவாங்க. கஷ்டத்தத்தான் சொல்லோணும். ஆனா கொழந்தைய வெச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டாங்க. நான் அவளத் தூக்கீட்டுப் பக்கத்து ஊட்டுக்குப் போயர்றேன்."

ஜெனிட்டா டீச்சர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பிடித்த மழை. மாப்பிள்ளை ஃபேக்டரிக்குப் போய்விட்டார். பரிமளா சிவப்பு ஸ்வெட்டரைக் கம்பளிகளுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு, தலைவழியாக மாட்டுகிற பனியன் ஸ்வெட்டரைத் தாரணிக்குப் போட்டுவிட்டாள். பதினொரு மணிவாக்கில் ஜெனிட்டா டீச்சரோடு ஒரு சாரும் ஒரு மேடமும் வந்தார்கள். நல்லவர்கள். நனைந்த செருப்பை வெளியே விட்டு, கால் ஈரத்தைச் சாக்கில் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். தாரணியின் கன்னத்தைத் தொட்டு அந்த மேடம் பெயர் கேட்டார். நான் குழந்தையைத் தூக்கப்போனேன்.

"எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் சார். "கொழந்தையப் பாக்காம நாங்க எப்படிங்க எழுதறது? இங்கயே இருக்கட்டும்."

நியாயமான பேச்சு. அந்த வீட்டில் இருப்பது ஒரு அறையும் சமையல்கட்டும்தான். அதற்கு நடுவில் கதவு கிடையாது, பழைய சேலை ஒன்று தொங்குகிறது. எங்கே போய் நிற்பது?

கேட்க ஆரம்பித்தார்கள். தானாகச் சாப்பிடுவாளா? முடியாதுங்க. பாத்ரூம் போகவேண்டும் என்றால் காட்டுவாளா? இல்லைங்க. சொன்னால் புரிந்துகொள்வாளா? பரிமளா டீச்சரைப் பார்த்தாள். ஜெனிட்டா டீச்சர் மடியில் இருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் புரியாதுங்க" என்றாள் பரிமளா.

தாரணி ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். முதல் பதிலுக்குச் சிரித்தாள். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பாள். ரெண்டாவது பதிலுக்குச் சிரிப்பு நின்றது. மூன்றாவது பதில் வந்ததும் கட்டிலிலிருந்து இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய், கம்பளிகளுக்கு அடியில் கையை விட்டு, அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை இழுத்தாள். எங்கே ஒளித்துவைத்தார்கள் என்று அவளுக்கா தெரியாது? மேடம் முன்னால் தரையில் உட்கார்ந்து, போட்டிருந்த பனியனுக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு, முதல் பட்டனைப் பிடித்தாள். நாக்கு வெளியே வந்தது.

"அட, இவளே போடுறாளே" என்றார் மேடம்.

"அது வெளையாட்டுக்குங்க" என்றாள் பரிமளா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "சும்மா புடிச்சு இழுத்துட்டு இருப்பாளுங்க. அவளுக்கு ஒண்ணும் வராதுங்க. நாங்கதான் போட்டு உடோணும்."

சொல்லிக்கொண்டே குனிந்து, தாரணியின் விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாப் பட்டனையும் கழுத்து வரைக்கும் தானே போட்டுவிட்டாள். சீக்கிரம் சீக்கிரமாகப் போட்டாள்.

தாரணி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஜெனிட்டா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலை நிமிரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சார் எழுதி முடித்து, மூடியைப் பேனாவில் செருகினார்.

4

அவர்கள் போனதும் பரிமளா உப்பும் மிளகாயும் எடுத்துவந்து தாரணியைச் சுற்றிப்போட்டாள். யாராவது குழந்தையைப் புகழ்ந்தால் கண்பட்டிருக்கும் என்று சுற்றிப்போடுவார்கள். தன் நாக்குப் பட்டதற்குச் சுற்றிப்போட்ட அம்மாவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுப்பில் போட்ட மிளகாய் நெடி ஏறவில்லை. நெடி வராவிட்டால் அவ்வளவு கண்ணு என்பார்கள். மூன்று தடவை துப்பச் சொன்னாள். தாரணிக்குத் துப்ப வராது, எப்போதும் உதட்டால் சத்தம் மட்டும் செய்து காட்டுவாள். அன்றைக்கு அதுவும் செய்யவில்லை.

நான் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். சாரும் மேடமும் ஜீப்பில் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஜெனிட்டா டீச்சர் மட்டும் டீக்கடை ஓரமாக ஊட்டி பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

"ஒரு வருசமாச்சுங்கண்ணா அந்தப் பட்டனுக்கு" என்றார். "எங்க ஊட்ல எம் பையனுக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையாச் சொல்லிக்குடுத்ததில்லீங்க. இன்னிக்கு அவ போடறப்ப நான் கையத் தட்டியிருக்கோணும். தட்டினா அடுத்த புதன்கெழம நான் வர முடியாது."

"டீச்சர், நீங்க பண்ணினது சரிதானுங்க" என்றேன்.

"சரிதானுங்க" என்றார். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார். மழை என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் பரிமளா வழக்கம்போலச் சிவப்பு ஸ்வெட்டரைத் தாரணியின் தோளில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். தாரணி பட்டனைத் தொடவில்லை. இடது கையைத் தொங்கவிட்டபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மாமனுக்குக் காட்டு சாமி என்றேன். வர்க்கி தருகிறேன் என்றேன். என் சட்டைப் பட்டனைக் கழற்றித் தப்பும் தவறுமாகப் போட்டுக்காட்டினேன். எதுவும் நடக்கவில்லை. பரிமளா வந்து பார்த்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து பட்டனைப் போட்டுவிட்டாள். தாரணி கழுத்தைத் தூக்கிக் காட்டினாள், அம்மா போட வசதியாக.

அடுத்த வாரம் எனக்கு விமானம்.

5

ஆவணி முடியும்போது உத்தரவு வந்தது. தாரணிக்கு இனி வாரத்தில் ரெண்டு நாள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கலாம் என்று அனுமதி. பரிமளா போன் செய்து சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். சாந்தி அன்றைக்குக் கேசரி செய்தாள். என் மகன் நித்தின், பதினைந்து வயது, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பருவம். கேசரியைத் தின்றுகொண்டே நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் அத்தை பொய் சொன்னது சரியா என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் இருந்த தமிழ் அவனுக்குப் புரியாது, எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதாது. பேசாமல் சாப்பிடு என்றேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனான்.

ஆயுத பூஜைக்கு முன்னால் ஜெனிட்டா டீச்சர் வேலையை விட்டுவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளி, மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுமாம். கடைசியாக வந்த அன்று தாரணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார் என்றாள் பரிமளா. அவரை நான் என்ன சொல்ல? சம்பளத்துக்காகக் கடலைத் தாண்டியவன் மலையை இறங்கினவளைப் பேசலாமா? அவர் இடத்துக்கு இதுவரை யாரையும் போடவில்லை. பரிமளா ஆபீஸுக்கு ரெண்டு தடவை நடந்துவிட்டாள். அனுமதி இருக்குதுங்கம்மா, ஆளுதான் இல்லை என்கிறார்களாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார், கொண்டுவந்து சேர்க்கத்தான் கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். ஒருநாள் பரிமளா போனைத் தாரணியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்கண்ணா. அன்னிக்கு அம்மா சொன்னது பொய்யினு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா" என்றாள். நான் சொன்னேன். அது பொய் சாமி, டீச்சர் உன்கிட்ட வரோணும்னு அம்மா அப்படிச் சொன்னாங்க, உனக்கு எல்லாம் வரும், நீ கெட்டிக்காரி என்று என்னென்னவோ சொன்னேன். தாரணி கவனமாகக் கேட்டாள். பொய் எது, நிஜம் எது என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகப் புரியும். டீச்சர் வரவேண்டும் என்பதற்காக என்று நான் சொன்னபோது மட்டும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

எங்கள் பள்ளியில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பரிமளாவின் போன் வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்தது. வீடியோ வேண்டாம் என்றாள்.

பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்க நர்ஸம்மா வந்திருக்கிறார். போகிறபோது இவர்கள் வாசலில் நின்று, பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்டிருக்கிறார். சும்மா ஒரு விசாரிப்பு. பரிமளா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"கட்டில்ல உக்காந்திருந்தவ எந்திரிச்சு வந்தாண்ணா. செவுத்தப் புடிக்காமயே வந்தா, விழுந்துருவாளோன்னு நானே குனிஞ்சு புடிச்சேன். வந்து அந்த நல்ல கையால என் வாயப் பொத்திட்டா. எத்தன கேட்டும் எடுக்கலீங்க. நர்ஸம்மா என்னமோ வெளையாட்டுன்னு சிரிச்சுட்டுப் போனாங்க."

"அப்பறம்?" என்றேன்.

"அவங்க மேட்டுல ஏறிப் போறவரைக்கும் அப்படியே நின்னோம். நான் நல்லா இருக்கான்னுதாண்ணா சொல்லப்போனேன்."